கடிக்கக் கற்றுக்கொடுத்தவன்

அந்த நாய்க்குட்டிக்குக் கடிக்கக் கற்றுக்கொடுத்தவன் நான்தான். பிள்ளைகள் மேல் பாய்ந்து ஏறக் கற்றுக்கொடுத்தவனும் நானே. பழி என் மகள்மேல் விழுந்தது. அவளுக்கு அப்போது ஆறு வயது. நான் வாயைத் திறக்கவில்லை... நாலு வருடமாகத் திறக்கவில்லை.

சொல்லிவிட்டேன். இவ்வளவுதானா என்று நீங்கள் கேட்கலாம். ஒரு குட்டி விளையாட்டாகக் கடித்ததற்கா இந்தப் பாடு என்று சிரிக்கவும் செய்யலாம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். முழுவதையும் கேட்டுவிட்டு, சிரிப்பு மிச்சமிருந்தால் சிரியுங்கள்.

நான் தூத்துக்குடித் துறைமுகத்தில் சிக்னல்மேன். கப்பலில் சரக்கு ஏற்றும்போது கிரேன் ஓட்டுகிறவர் உயரத்தில் ஒரு கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பார். சரக்கு போய் இறங்கும் இடம் பல நேரம் அவர் கண்ணுக்கே தெரியாது. என் கைதான் அவருக்குக் கண். சுட்டுவிரலை மேலே நீட்டிச் சுழற்றினால் தூக்குவார். கீழே காட்டிச் சுழற்றினால் இறக்குவார். இரண்டு கையையும் வயிற்றின்மேல் கோத்துக்கொண்டால் எல்லாம் அப்படியே நிற்கும். தெரு நீளத்துக்கு இருக்கிற காற்றாலை இறக்கையானாலும் சரி, அந்தரத்தில் நிற்கும். கை மேலே இருப்பவருக்குப் பளிச்சென்று தெரிவதற்காகத் தடித்த மஞ்சள் தோல் கையுறை போட்டுக்கொள்வோம்.

என் முகத்தை அந்தக் கூண்டுக்காரர்களில் பாதிப் பேருக்கு அடையாளம் தெரியாது. கையைத் தெரியும். 'அவர் கை தப்பாது' என்று சொல்வார்கள். அதில் எனக்கு ஒரு கர்வம் உண்டு. என் விரல் சுழன்றால் முப்பது டன் எழும்புகிறதே! என்னுடைய எல்லாக் கோளாறும் அந்தக் கர்வத்திலிருந்துதான் புறப்பட்டது.

துறைமுகத்துக்கு வெளியே லாரிகள் நிற்கிற இடத்தில் ஒரு தெருநாய் நாலு குட்டி போட்டிருந்தது. மூன்றை யார் யாரோ எடுத்துப் போய்விட்டார்கள். மிஞ்சிய ஒன்றை ஹெல்மெட்டுக்குள் வைத்து மாப்பிள்ளையூரணியில் இருக்கிற என் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வெள்ளைக் குட்டி, மூக்கு மட்டும் லேசாகச் சுட்ட நிறம். என் மகள் ஜெர்லின் பார்த்த உடனே 'மக்ரூன்' என்று பெயர் வைத்துவிட்டாள். எங்கள் ஊர் பேக்கரி அடுக்கில் இருக்கிற மக்ரூன் இனிப்பின் நிறம் அப்படியே இருந்தது.

என் மனைவி மெர்சிக்கு மனமில்லை. இளையவன் ஆரோனுக்கு அப்போது மூன்று வயதுதான்.

"சின்னப் பிள்ள இருக்க வீட்டுல நாய் எதுக்குங்க? சரி, இருந்துட்டுப் போவட்டும். ஆனா பிள்ளைகளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா அன்னைக்கே ஆலந்தலைக்கு அனுப்பிருவேன்" என்றாள்.

ஆலந்தலையில் அவள் அண்ணன் அமலன் வள்ளத்தில் மீன்பிடித் தொழிலுக்குப் போகிறவர். கரையில் கிடக்கிற வலைக்குக் காவலாகக் கட்டிப்போட ஒரு நாய் வேண்டும் என்று வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். ஜெர்லின் அந்தப் பேச்சைக் கேட்டு குட்டியை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டாள். அவளுக்கு அது உயிர். அன்றைக்கே எனக்குத் தெரியும்.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன்.

காலை ஷிப்ட் முடிந்து மூன்று மணிக்கு நான் வீட்டுக்கு வந்துவிடுவேன். மெர்சி ஒரு பள்ளிக்கூடத்தின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். பிள்ளைகள் இருவரும் படிப்பதும் அங்கேதான். மூவரும் வர ஐந்து மணி ஆகும். இடையில் இரண்டு மணி நேரம் மொட்டைமாடியில் நானும் குட்டியும் மட்டும். முதல் நாள் என் கையில் கிடந்த கையுறையை அது கவ்விப் பிடித்தது. நான் கையை உள்ளே நுழைத்து ஆட்டினேன். தொங்கியது. உறுமியது. விட்டுவிட்டு ஓடிப்போய், திரும்பி வந்து பாய்ந்தது. எனக்குக் குஷி தாளவில்லை.

தோலுக்குள் இருக்கிற கைக்குப் பல் தெரியவே இல்லை. எவ்வளவு அழுத்திக் கடித்தாலும் நான் சிரித்தேன். நான் சிரிக்கச் சிரிக்க அது இன்னும் அழுத்தியது.

ஒரு நாள் வேடிக்கையாகச் சுட்டுவிரலை மேலே நீட்டிச் சுழற்றினேன். குட்டி துள்ளி எழுந்து விரலைக் கவ்வியது! மறுபடி சுழற்றினேன், மறுபடி எழுந்தது. நாலே நாளில், விரல் சுழன்ற மறுகணம் என் தொடை உயரத்துக்குப் பாய்ந்தது. புதிதாக வேலைக்கு வருகிற ஆட்களின் மண்டையில் இந்தச் சைகைகளை ஏற்றுவதற்குத் தொண்டை வறள மாதக்கணக்கில் கத்துகிறோம். பால்குடி மறந்த ஒரு தெருக்குட்டி நாலு நாளில் படித்துவிட்டதே... மலைத்துப் போனேன். அதன் கண் என் முகத்தைப் பார்க்கவே இல்லை, என் கையை மட்டும் பார்த்தது. கூண்டுக்குள் இருப்பவர்கள் பார்ப்பதுபோலவே பார்த்தது.

இரண்டு வாரம் இப்படிப் போயிற்று. தூக்குவதைச் சொல்லிக்கொடுத்தேன். நிற்பதை மட்டும் சொல்லிக்கொடுக்கவில்லை. நிறுத்துகிற எண்ணமே எனக்கு இல்லாதபோது நிறுத்துகிற சைகை எதற்கு?

ஐந்து மணிக்கு அவர்கள் வருவதற்குள் கையுறையைப் பைக்கின் பெட்டிக்குள் போட்டுவிடுவேன். ஏன் ஒளித்தேன்? அப்போது அதை ஒளிப்பதாகவே நான் நினைக்கவில்லை. நாற்பது வயது ஆள் நாயோடு உருண்டு புரள்வதை மனைவி பார்த்தால் கேலி செய்வாளே என்ற கூச்சம், அவ்வளவுதான்.

பிள்ளைகளுக்குப் பேச்சில் பாதி கையில்தான் இருக்கிறது. நீங்கள் கவனித்திருப்பீர்கள். ஓடினால் கை ஆடுகிறது, கதை சொன்னால் கை சுழல்கிறது, சும்மா நின்றாலும் கை சும்மா இருப்பதில்லை. அத்தனையும் மக்ரூனுக்கு அழைப்பாகத் தெரிந்தது. ஜெர்லினின் பாவாடை ஓரம் கிழிந்தது. ஆரோனின் முழங்கையில் சிவப்புக் கோடுகள் விழுந்தன. 'குட்டிக்குப் பல் முளைக்குது, அதான்' என்று நானே சமாதானம் சொன்னேன்.

ஒரு சனிக்கிழமை காலை. ஆரோன் பள்ளிக்கூடத்தில் படித்த பாட்டை அபிநயத்தோடு பாடிக் காட்டினான். வாசற்படியில் நின்றுகொண்டு, பாட்டில் ஏதோ ஒரு சக்கரம் வருகிற இடத்தில், சுட்டுவிரலை மேலே தூக்கிச் சுழற்றினான்.

நான் எதிரே நாற்காலியில் இருந்தேன். அந்தச் சைகையைப் பார்த்தேன். என்ன நடக்கப்போகிறது என்று இந்த வீட்டில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். எழுந்திருப்பதற்குள் குட்டி பாய்ந்துவிட்டது.

அவன் படியில் விழுந்து தாடை கிழிந்தது. மணிக்கட்டில் நாலு பல் பதிந்து ரத்தம் வந்தது. குட்டியோ வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. அது தப்பே செய்யவில்லை! சைகை வந்தது, கீழ்ப்படிந்தது. பாராட்டுக்காகக் காத்து நின்றது.

குழாயடியில் சோப்புப் போட்டுக் காயத்தைக் கழுவி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். தாடையில் இரண்டு தையல். நாய்க்கடி என்பதால் தவணை தவணையாக ஊசி. முதல் ஊசிக்கு அவன் ஆஸ்பத்திரியே அதிரக் கத்தினான். வீட்டுக்கு வந்ததும் மெர்சி அவனை மடியில் போட்டுக்கொண்டு ஜெர்லினைக் கூப்பிட்டாள்.

"ஏளா, நீதான அதுகூட எப்பப் பாத்தாலும் மல்லுக்கட்டுத? நீ ஓடி ஓடி வெறியேத்தித்தான் இப்படிப் பாயுது. ஆமாவா இல்லையா?"

ஜெர்லின் தரையைப் பார்த்துக்கொண்டு, "ஆமா" என்றாள்.

"நாளைக்கு இல்ல, அடுத்த ஞாயித்துக்கிழம மாமா வாராவ. கொண்டுபோயிருவாவ. அழுதுகிட்டு நின்னேன்னா பாத்துக்க."

நான் அதே அறையில், துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு நின்றேன். துடைத்த கையையே மறுபடி துடைத்தேன்.

சொல்லியிருக்கலாமே? 'அவ இல்ல மெர்சி, நான்தான்' என்று நாலே சொல். திட்டியிருப்பாள்; இரண்டு நாள் முகம் கொடுக்காமல் இருந்திருப்பாள்; மூன்றாம் நாள் தானாகச் சரியாகியிருக்கும். அடித்துக் கொல்லவா போகிறாள்? ஆனால் என் பிள்ளையின் ரத்தம் இன்னும் என் சட்டையில் இருந்தது. என் கை தப்பிவிட்டது என்பதை என் வாயால் சொல்ல முடியவில்லை. இவ்வளவு அற்பமான காரணம்! இதைவிடப் பெரிய காரணம் இருந்தால் உங்களிடம் சொல்லக் கொஞ்சம் கௌரவமாக இருந்திருக்கும்.

மௌனத்தோடு முடிந்திருந்தாலும் பரவாயில்லை. சாயங்காலம் ஜெர்லின் மாடிக்கு வந்தாள். நான் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்று துணிகளை வாங்கிக் கையில் அடுக்கிக்கொண்டாள்.

"அப்பா, நான் ஓடுனதாலதான் கடிக்குதாப்பா?"

அவள் என்னிடம் கேட்டாள். என் முகத்தை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள். அவள் அறிந்த உலகத்தில் எல்லாம் தெரிந்தவன் நான்தான்.

"கொஞ்சம்... ஆமா மக்கா" என்றேன்.

படித்தீர்களா? அதுதான் என் பாவம். கையுறை விளையாட்டு வெறும் முட்டாள்தனம். அதற்கு மன்னிப்பு உண்டு. இந்த 'ஆமா'வுக்கு மன்னிப்பு எங்கே இருக்கிறது என்று நாலு வருடமாகத் தேடுகிறேன்.

திங்கட்கிழமை குட்டிக்கு ஊசி போடக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனேன். ஜெர்லினும் வந்தாள். மருத்துவர் சின்ன வயதுப் பெண், விளாத்திகுளத்துப் பக்கத்துக்காரர். ஊசி போட்டுவிட்டுத் தன் கையைக் குட்டியின் முன்னால் லேசாக ஆட்டிப் பார்த்தார். மக்ரூன் கவ்வியது. அவர் கையை இழுக்கவில்லை. அது விடும்வரை பேசாமல் இருந்தார்.

"இது கெட்ட குட்டி இல்ல சார். யாரோ கையையே விளையாட்டுச் சாமானா குடுத்துப் பழக்கியிருக்காங்க. கூடப்பொறந்த குட்டியக் கடிச்சா அது கத்தும். இவ்வளவுதான் கடிக்கலாம்னு அதுல இருந்து படிக்கும். வலிக்குதுன்னு இதுக்கு யாருமே சொல்லல. வீட்டுல யாரு இதுகூட விளையாடுறது?"

என்னைத்தான் பார்த்தார். எனக்கு முன்னால் ஒரு சின்னக் குரல் வந்தது.

"நான்தான் டாக்டர்."

"ஒத்துக்கிட்டியே, நல்ல பிள்ள" என்று அவள் கன்னத்தைத் தட்டினார். நான் மேஜைமேல் இருந்த மருந்து அட்டையைப் படித்துக்கொண்டு நின்றேன். அதில் என்ன எழுதியிருந்தது என்று இன்றைக்கும் தெரியாது.

என்ன செய்ய வேண்டும் என்று அவர் பொறுமையாகச் சொன்னார். அடிக்கக் கூடாது, கத்தக் கூடாது. கத்தினால் அதற்கு அதுவும் விளையாட்டுத்தான். பாய்ந்தால் ஓடாமல், கையை ஆட்டாமல், கண்ணைப் பார்க்காமல் அசையாது நிற்க வேண்டும். நாலு காலும் தரையில் ஊன்றிய பிறகே தொட வேண்டும். அடங்காவிட்டால் அரை நிமிடம் கதவுக்கு அந்தப் பக்கம் போய்விட வேண்டும். கடிப்பதற்கு வேறு பொருள் கொடுக்க வேண்டும். நன்றாகத் தூங்க விட வேண்டும். தூக்கம் போதாத குட்டிதான் அதிகம் கடிக்கும். சின்னவனைக் குட்டியோடு தனியே விடவே கூடாது. பெரிய பிள்ளை பழக்கலாம், பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும்.

"அசையாம நிக்கதுன்னா எப்படிப்பா?" என்று வழியில் பைக்கில் வரும்போது ஜெர்லின் கேட்டாள்.

வீட்டு மாடியில் காட்டிக்கொடுத்தேன். இரண்டு கையையும் வயிற்றின்மேல் கோத்துக்கொள். தோளைத் தளர்த்து. தூரத்தில் எதையாவது பார். "கப்பல்ல நான் இப்படி நின்னா மேல தொங்குற சரக்கு அப்படியே நிக்கும். யாரு இத காட்டுனாலும் நிப்பாட்டணும், அதான் சட்டம்" என்றேன். அவள் ஒரு தடவை பார்த்தாள். அப்படியே நின்று காட்டினாள்.

வாசலில் பலகையைக் குறுக்கே வைத்து ஆரோனை உள்ளே மறித்தேன். கப்பல் கயிற்றில் ஒரு துண்டு வாங்கி வந்து முடிச்சுப் போட்டுக் குட்டிக்குக் கொடுத்தேன். பழக்குவதை நானே செய்யலாம் என்று பார்த்தேன். என் கையைக் கண்டதும் அது வெறி பிடித்ததுபோல எழும்பியது. என் கைக்கும் அதற்கும் இருந்த ஒப்பந்தம் அப்படி. "நான் செய்யுதேம்ப்பா" என்றாள் ஜெர்லின்.

இனி நான் பார்த்ததைச் சொல்ல வேண்டும். சரியாகச் சொல்ல எனக்கு மொழி போதுமா என்று சந்தேகம்.

ஐந்தரை மணி வெயில். உப்பளத்துப் பக்கமிருந்து காற்று. ஆறு வயதுப் பெண் மாடி நடுவில் கையைக் கோத்துக்கொண்டு நிற்கிறாள். குட்டி பாய்கிறது. முழங்கால், பாவாடை, இடுப்பு... அவள் அசையவில்லை. கீழே விழுந்து எழுந்து முன்கையைக் கவ்வுகிறது. கையை உருவவில்லை! உருவினால் இழுக்கும் என்று மருத்துவர் சொன்னதை நினைவில் வைத்திருக்கிறாள். கண்ணிலிருந்து நீர் கொட்டுகிறது. உதடு மட்டும் அசைகிறது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டிருக்கிறாள்.

நான் பாய்ந்து போய்க் குட்டியைப் பிரித்தேன். முன்கையில் வரிசையாகப் பல் தடம். தோல் கிழியவில்லை. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டு, ஆரோனுக்குப் போட்ட ஊசியை அவளுக்கும் தொடங்கினோம். அதற்கும் அவள் கத்தவில்லை.

"போதும் மக்கா. மாமாகிட்டயே குடுத்துருவோம்."

"இல்லப்பா. நான்தான கெடுத்தேன். நானே சரியாக்கிருதேன்."

இந்த இடத்திலாவது சொல்லியிருக்க வேண்டுமா இல்லையா? கல்கூட இளகியிருக்கும்! நான் என்ன செய்தேன் தெரியுமா? என் பழைய சீருடைச் சட்டை ஒன்றை எடுத்து அவளுக்குப் போட்டுவிட்டு, முழுக்கையை மணிக்கட்டில் மடித்துவிட்டேன். தடித்த துணி. பல் படாமல் காக்கும். உண்மையைக் கொடுக்க முடியாதவன் சட்டையைக் கொடுத்தேன்.

இரண்டாம் நாளும் நின்றாள். மூன்றாம் நாளும். பாயும், நிற்பாள். கவ்வும், நிற்பாள். அடங்காவிட்டால் பேசாமல் கதவுக்குப் பின்னால் போய் எண்ணிவிட்டு வருவாள். நாலு காலும் தரையில் பட்டால் உடனே குனிந்து, "நல்லவன்ல நீ" என்று கழுத்தைத் தடவிக் கயிற்றுத் துண்டை நீட்டுவாள். நாளுக்கு நாள் பாய்ச்சல் குறைந்தது. ஐந்தாம் நாள் மக்ரூன் ஓடி வந்து, எழும்பப் போய், அவள் கோத்த கையைப் பார்த்துத் தயங்கியது. சுற்றிச் சுற்றி வந்தது. பிறகு உட்கார்ந்தது. தானாக! அவள் முன்னால் பின்பாகத்தைத் தரையில் வைத்து, நிமிர்ந்து, அவள் முகத்தைப் பார்த்தது.

கையை அல்ல, முகத்தை. என்னை அது ஒரு நாளும் அப்படிப் பார்த்ததில்லை.

நான் எத்தனையோ பெரிய பளு நின்றதைப் பார்த்தவன். காற்றில் ஆடுகிற இறக்கையைக் கையால் நிறுத்தியவன். அந்த மாலையில் என் உடம்பு சிலிர்த்தது. இந்தச் சின்ன உடம்புக்குள் இவ்வளவு பொறுமையை யார் வைத்தது? என்னிடமிருந்து போயிருக்க முடியாது. கோயிலில்கூட நான் அவ்வளவு பயபக்தியோடு நின்றதில்லை. என் மகளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. கும்பிடவும் இல்லை, உண்மையைச் சொல்லவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அமலன் மச்சான் ஒரு பிளாஸ்டிக் கூடையோடு வந்து இறங்கினார். மெர்சி அவருக்கு டீயும் முறுக்கும் கொடுத்தாள். ஆரோன் ஒரு முறுக்கை விரலில் மாட்டிக்கொண்டு, நாங்கள் பேச்சில் இருந்தபோது, பலகையைத் தாண்டி முற்றத்துக்கு இறங்கிவிட்டான். கையைத் தூக்கி முறுக்கைச் சுழற்றினான்.

மக்ரூன் புறப்பட்டது. ஆரோன் பயந்து கத்திக்கொண்டு ஓடினான். மெர்சியின் கையிலிருந்து தட்டு விழுந்தது. நான் ஓடினேன், எட்டவில்லை. ஜெர்லின் எங்கிருந்து வந்தாள் என்று தெரியவில்லை. தம்பிக்கும் நாய்க்கும் நடுவில் வந்து, முதுகால் அவனைச் சுவரோடு மறைத்து, இரண்டு கையையும் கோத்தாள். ஒரு சத்தம் இல்லை.

பாய்ந்து வந்த குட்டி நாலு காலையும் ஊன்றிச் சறுக்கி நின்றது. உட்கார்ந்தது.

மச்சான்தான் முதலில் பேசினார். "ஏலே, காத்துல போற வள்ளத்த நிப்பாட்டுன மாதிரில்லா நிப்பாட்டிட்டா என் மருமவ. இந்த நாய் எனக்கு வேண்டாம் தங்கச்சி. இது அவ நாய்" என்று காலிக் கூடையைத் தூக்கிக்கொண்டார்.

மெர்சி போய் மகளைக் கட்டிக்கொண்டாள். அழுதாள். அழுகையோடு அவள் சொன்னது இது: "தான் கெடுத்தத தானே திருத்திட்டாளே என் பிள்ள."

ஜெர்லின் முகம் மலர்ந்ததே, அதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அந்த வாக்கியம் எங்கள் வீட்டில் நிலைத்துவிட்டது. உறவுக்காரர் வந்தால் மெர்சி அதைச் சொல்வாள். ஜெர்லினே சொல்வாள். வகுப்பில் சொன்னாளாம், ஆசிரியை கைதட்டச் சொன்னாராம். தப்பு செய்தால் ஒத்துக்கொள்ள வேண்டும், ஒத்துக்கொண்டால் திருத்தலாம் என்று அவள் உறுதியாக நம்புகிறாள். கண்ணாடி டம்ளரை உடைத்தால் நாங்கள் கேட்பதற்கு முன்னால் வந்து சொல்கிறாள். எங்கள் வீட்டில் அவளைப்போல நேர்மையான ஆள் வேறு இல்லை. அந்த நேர்மை முழுவதும் என் பொய்யின்மேல் எழும்பி நிற்கிறது... இதை நினைத்தால் எனக்குப் பயமாகவும் இருக்கிறது, பிரமிப்பாகவும் இருக்கிறது. கெட்டதிலிருந்து இப்படி ஒன்று முளைக்குமா? முளைத்திருக்கிறதே!

இப்போது சொல்லிவிடலாம் என்று பல தடவை எழுந்து போயிருக்கிறேன். அவளுக்குப் பத்து வயது, புரியும். ஆனால் எதைச் சொல்வது? 'நீ கெடுக்கவே இல்லை' என்றால், அவள் சம்பாதித்த பெருமையில் பாதியை நான் பிடுங்குகிறேன். சொல்லாவிட்டால், அவள் செய்யாத குற்றத்தைச் சுமக்க விடுகிறேன். இந்தக் கணக்கு சரியா? அல்லது என் கோழைத்தனத்துக்கு நான் கண்டுபிடித்த நல்ல பெயரா? நீங்களே சொல்லுங்கள். எனக்குத் தெரியவில்லை.

இத்தனை காலம் கழித்து ஏன் எழுதுகிறேன் என்றால், போன மாதம் நடந்த ஒன்றால்.

ஜெர்லினுக்குப் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்குகிற சடங்கு. அதற்கு முந்தின நாள் மாலை, பிள்ளைகளுக்கெல்லாம் முதன்முதல் பாவசங்கீர்த்தனம்; சாமியாரிடம் தனியே போய்ப் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்பது. பிள்ளைகள் முடித்ததும் பெற்றோரும் செய்யலாம் என்று சொல்லியிருந்தார்கள். நான் கோயிலில் பின்வரிசையில் இருந்தேன். அவள் உள்ளே போய், கொஞ்ச நேரத்தில் வெளியே வந்தாள். என் பக்கத்தில் உட்கார்ந்து காதோடு சொன்னாள்.

"மக்ரூன் விஷயத்தச் சொல்லிட்டேம்ப்பா. நான் வெறியேத்துனதால தம்பிக்குத் தையல் போட்டாவல்லா, அத. சாமி பரிகாரமா மூணு அருள் நிறைந்த மரியே செபம் சொல்லச் சொன்னாவ."

என் பாவத்தை என் மகள் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்!

நாலு வருடமாக அது அவளுக்கு உள்ளே இருந்திருக்கிறது. பெருமை மட்டும் என்று நான் நினைத்தேன்... இல்லை. தம்பியின் தாடையில் இருக்கிற தழும்பை அவள் தினமும் பார்த்திருக்கிறாள். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் பீடத்தைப் பார்த்தேன்.

"நீங்க போங்கப்பா, ஆள் இல்ல. நான் இருக்கேன். வந்த பொறவு சேந்து சொல்லலாம்" என்றாள்.

போனேன். முழந்தாளிட்டேன். கோபப்பட்டதைச் சொன்னேன். ஒரு கல்யாண வீட்டில் குடித்ததைச் சொன்னேன். பூசைக்கு வராத ஞாயிறுகளைச் சொன்னேன். அத்தோடு நின்றுவிட்டேன். அதையும் சொன்னால், ஒரே சாமியார் ஒரே பாவத்தை ஒரே மாலையில் இரண்டு வாயிலிருந்து கேட்டிருப்பார். எந்த வாய் பொய் என்று அவருக்குத் தெரிந்துபோகும். அந்த வெட்கத்தை அங்கேயும் என்னால் தாங்க முடியவில்லை. "வேறு ஏதாவது?" என்று கேட்டார். "இல்ல சாமி" என்றேன்.

திரும்பி வந்தேன். ஜெர்லின் எனக்காக நகர்ந்து இடம் விட்டாள். பக்கத்தில் முழந்தாளிட்டேன். அவள் கண்ணை மூடி, ஒரு சொல்லையும் விழுங்காமல், நிறுத்தி நிதானமாக மூன்றையும் சொன்னாள். என் உதடு அசைந்ததா என்று எனக்கு நினைவில்லை.

சொல்லி முடித்து எழுந்து என் தோளைத் தொட்டாள்.

"லேசா இருக்குப்பா" என்றாள்.